ஆக்க மொழியில் 'இல்லை'க்கும் எதிர்ச்சொல்லுக்கும் ஒரே ஒட்டு போதுமா?

அஸ்தம்பட்டிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் நடக்கும் என் கதைக்காக ஒரு மொழியை உருவாக்கி வருகிறேன். மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களைக் குறைப்பதற்காக, எஸ்பெராண்டோ என்னும் ஆக்க மொழியில் (ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழியில்) உள்ளதைப் போல ஒரே முன்னொட்டால் எதிர்ச்சொற்கள் அனைத்தையும் ஆக்கினேன்; 'இல்லை' என்பதற்கும் அதையே வைத்துக்கொண்டேன். 'காப்பி சூடாக இல்லை' என்று ஒரு பாத்திரம் குறைப்பட்டுக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கிக்கொண்டேன். என் மொழியில் அது 'காப்பி சில்லென்று இருக்கிறது' என்றே பொருள்படுகிறது. ஆறிப்போன காப்பியும் சில்லிட்ட காப்பியும் ஒன்றாகுமா? இன்னும் எத்தனை ஒட்டுகள் தேவைப்படும்?

கொண்டைஊசி20 எழுதியது:

எஸ்பெராண்டோ இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கவில்லை. 1887இல் வார்சாவில் சாமென்ஹாஃப் வெளியிட்ட அம்மொழியில், எதிர்ச்சொல்லுக்கு 'மால்' என்னும் முன்னொட்டு உண்டு (நமக்குத் திருமால் நினைவுக்கு வருவது வேறு கதை). 'போனா' நல்லது, 'மால்போனா' கெட்டது. 'வார்மா' சூடானது, 'மால்வார்மா' குளிர்ந்தது. மறுப்பதற்கு 'நே' என்னும் தனிச்சொல் இருக்கிறது. 'நே வார்மா' என்றால் சூடாக இல்லை என்பது மட்டுமே. ஆறியது, வெதுவெதுப்பானது, சில்லிட்டது எல்லாம் அதற்குள் அடங்கும். 'இன்றி' என்னும் பொருளில் 'சென்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 'சென்ஹாரா' என்றால் முடியில்லாத.

ஆனால் 'மால்' மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'ஃபெர்மி' என்றால் மூடுவது. திறப்பதை 'மால்ஃபெர்மி' என்கிறார்கள். இடப்பக்கத்தைச் சுட்ட, வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லோடு 'மால்' சேர்க்க வேண்டும். இணையில் எது மூலம், எது வழிவந்தது என்பதை ஆக்கியவரே தீர்மானித்துவிட்டார். கற்பவர் அதை அப்படியே ஏற்கத்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஏற்காடு, எழுதியது:

தம்பி, நண்பர் சொன்ன மூன்றையும் நம் இலக்கண மரபு இன்மை, அன்மை, மறுதலை என்று முன்பே பிரித்து வைத்திருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த 'அ' என்னும் முன்னொட்டை எண்ணிப் பாருங்கள். 'அரூபம்' உருவம் இல்லாதது, அது இன்மை. 'அசைவம்' சைவம் அல்லாதது. அது அன்மை, ஏனெனில் கோழிக்குழம்பு கத்தரிக்காய்க்கு எதிரி அன்று. 'அநீதி' நீதிக்கு நேர் எதிரானது, அது மறுதலை. ஒரே 'அ' மூன்று வேலையையும் செய்ய, எது எந்த வேலை என்பதை நாம் பழக்கத்தால் அறிகிறோம். எஸ்பெராண்டோ அவ்வேலைகளை 'சென்', 'நே', 'மால்' என்று பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. உங்கள் மொழியைப் பேசிப் பழகியவர் எவரும் இல்லாததால், பழக்கத்தை நம்ப இயலாது. மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

'இது காப்பி அல்ல', 'காப்பி இல்லை' என்று எழுத்தில் நாம் காக்கும் வேறுபாட்டைக்கூட, பேச்சில் 'இல்லை' ஏறக்குறைய விழுங்கிவிட்டது.

கொண்டைஊசி20 எழுதியது:

ஆறிய காப்பிக்கென்றே ஓர் ஒட்டு வேண்டுமானால் லொஜ்பானைப் பாருங்கள். 1987இல் தொடங்கிய அந்த ஏரண (தர்க்க) மொழியில், 'நஹே' அது அல்லாத வேறொன்றையும், 'தொஹே' நேர் எதிர்முனையையும், 'நொஹே' இரண்டுக்கும் நடுவில் நிற்பதையும் குறிக்கும்.

அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நண்பருக்கும் நன்றி. மூன்று ஒட்டுகளோடு அந்த நடுநிலை ஒட்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஏறுதல், இறங்குதல் என்னும் இணையில் எதை மூலமாக வைப்பது என்பது மட்டும் மிச்சம். எஸ்பெராண்டோவில் 'சுப்ரெனீரி' ஏறுவது, 'மால்சுப்ரெனீரி' இறங்குவது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஏற்காடு, எழுதியது:

அது சேலத்திலிருந்து பார்ப்பவரின் கணக்கு. இங்கே பிறந்தவர்களுக்குச் சந்தையும் மருத்துவமனையும் கல்லூரியும் கீழேதான். வீட்டை விட்டுக் கிளம்பினாலே 'கீழே போகிறேன்' என்பார்கள். உங்கள் பாத்திரங்கள் மலைவாசிகள் என்றால் 'இறங்கு' மூலச்சொல்லாக இருக்கட்டும். ஏறுவதற்கு ஒட்டைச் சேருங்கள்.