சாம்பல் பூத்த மரத்தளம்: தண்ணீர் பீய்ச்சியதும் நார் நாராகக் கிளம்பிவிட்டது

கொல்லைப்புறம்:
வணக்கம். வீட்டின் பின்புறம் பைன் பலகையில் போட்ட மரத்தளம், ஆறு வருடமாகிறது. நிழல் பக்கம் வழுக்கும் பாசி, மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம். போன வாரம் பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து அடித்தேன். ஈரமாக இருந்தவரை புதுப் பலகை மாதிரி தெரிந்தது. காய்ந்ததும் பார்த்தால் தளம் முழுக்கப் பூனை முடி போல நார் எழுந்து நிற்கிறது. மகள் வெறுங்காலோடு ஓடி, குதிகாலில் சிலாம்பு ஏறிவிட்டது. ஊசியால் எடுத்து முடிப்பதற்குள் அழுது தீர்த்துவிட்டாள். வரும் ஞாயிறு அப்படியே எண்ணெய் பூசிவிடலாமா?

ஈரக்காற்று:
பூசாதீர்கள். நாரோடு சேர்ந்து எண்ணெயும் உதிர்ந்துவிடும். பாசிக்குக் குளோரின் ப்ளீச் ஊற்றுங்கள், ஒரே நாளில் போய்விடும்.

இழைப்புளி:
ப்ளீச் வேண்டாம் தங்கச்சி. பாசி வெளுக்கும், கூடவே மரமும் வெளுத்து இன்னும் பஞ்சாகும். ஸ்குரூவும் துருப்பிடிக்கும். மரவேலையில்தான் என் வயது போயிருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்கிற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது, மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சி நிற்கும் வெற்று நார்தான் அந்தச் சாம்பல் நிறம். கொல்லைப்புறம் தம்பி, உங்கள் பலகை ஒன்றைக் குனிந்து பாருங்கள். வெளிர் வரி, கருத்த வரி என்று மாறி மாறி ஓடும். வெளிர் வரி மெத்தென்ற மரம். வேகமாகத் தண்ணீர் அடித்தால் அதுதான் முதலில் அரிக்கும், கருத்த வரி மேடாக நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். பைனுக்குத் தண்ணீரின் அழுத்தம் 500, 600 பிஎஸ்ஐ (வாஷரில் அழுத்தத்தைக் குறிக்கும் அளவு) போதும். விசிறி போல விரியும் மூக்கு மாட்டி, ஓர் அடி தள்ளிப் பிடித்து, நார் ஓடும் திசையிலேயே போக வேண்டும்.

சரி, இனி செய்ய வேண்டியது. சோடியம் பெர்கார்பனேட் தூள் வாங்குங்கள், துணிக்கறைக்கு விற்கும் ஆக்சிஜன் ப்ளீச்சில் இருப்பதும் அதுதான். வெந்நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்திருந்து நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் தொடவே தொடாதீர்கள், உடைந்த இரும்புத் துணுக்கு மரத்தில் தங்கிக் கரும்புள்ளி விழும். நன்றாக அலசிவிட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசல் ஒரு தடவை கொடுத்தால் மரத்தின் பழைய நிறம் திரும்பும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அதையும் அலசி, குறைந்தது இரண்டு வெயில் நாள் காயவிட்டு, 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். அதைவிட நைஸாகப் போனால் மரத்தின் முகம் மூடிக்கொள்ளும், எண்ணெய் இறங்காது. தேய்ப்பதற்கு முன் துருத்தி நிற்கும் ஸ்குரூக்களை உள்ளே இறக்கிவிடுங்கள்.

பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மரம் உறிஞ்சினால் எண்ணெய் பூசலாம், முத்தாக நின்றால் இன்னும் நாளாகவில்லை. மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் உறிஞ்சாத எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள். பலகையின் வெட்டுமுனைக்கு இரண்டு தடவை, தண்ணீர் அதிகம் ஏறுவது அங்கேதான். அப்புறம் முக்கியமான ஒன்று: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

ஈரக்காற்று:
ப்ளீச் விஷயம் தெரியாது அண்ணா, நன்றி. கொல்லைப்புறம், எங்கள் தளத்தில் மேல் பலகை நன்றாகத்தான் இருந்தது. இடுக்கில் சருகு அடைத்து, ஈரம் தங்கி, அடியில் தாங்கும் சட்டம் உளுத்துப் போனது. இப்போது மாதம் ஒரு முறை புட்டி பிளேடால் இடுக்கைக் கீறிவிடுகிறேன். பூந்தொட்டி வைத்த இடத்தையும் பாருங்கள். அடிச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் தெரிந்துவிடும்.

கொல்லைப்புறம்:
குத்திப் பார்த்தேன். பெரிய தொட்டிக்கு நேர் கீழே அரை விரல் ஆழம் மெத்தென்று இறங்கியது, மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இருக்கிறது. ஞாயிறு எண்ணெய் இல்லை, அந்தப் பலகையைக் கழற்றி முதலில் சட்டத்தைப் பார்க்கப் போகிறேன். இரண்டு ஸ்குரூ தலை தேய்ந்துவிட்டது, எப்படி எடுப்பது?

இழைப்புளி:
தலையை மட்டும் டிரில்லால் துளைத்து எடுத்துவிடுங்கள், பலகை எழும்பி வரும். சட்டத்தில் நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். உளுத்தது அரை விரலோடு நின்றால், அதைச் சுரண்டி எடுத்துக் காயவிட்டு, மருந்து ஏற்றிய புதுச் சட்டத்தைப் பக்கத்தில் ஒட்டி போல்ட் போடுங்கள். புதிதாகப் போடும் ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கழற்றியதும் ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.