ரெண்டு லெவல் முடிஞ்சதும் கேம் ப்ராஜெக்ட்டைத் திறக்கவே மனசு வரலை. எப்படித் தொடர்றது?

சுண்டல்பையன்:
வணக்கம். வேலை சிறுசேரியில. வீடு வந்து சாப்பிட்டு உட்கார்றப்போ ஒன்பதரை ஆயிடுது. அதுக்கப்புறம் கிடைக்கிறது ஒரு மணி நேரம். காட்டோட் 4 (Godot) கேம் எஞ்சின்ல ஒரு 2டி பிளாட்ஃபார்மர், அதாவது ஓடித் தாவுற கேம், பண்றேன். மெரினாவில் தூக்குவாளியோட ஓடுற சுண்டல் விக்கிற பையன், அலை வந்து நனைக்கிறதுக்குள்ள அடுத்த மணல்மேட்டுக்குத் தாவணும். 12 லெவல், காசு சேர்த்துப் பொருள் வாங்க ஒரு கடை, கடைசியில ஒரு ராட்சச நண்டு, இதுதான் திட்டம். முதல் ரெண்டு லெவல் ஓடுது, கடை பாதியில நிக்குது. இப்பல்லாம் எஞ்சினைத் திறந்ததுமே மூடிடத் தோணுது. டுடோரியல் பார்த்தே அந்த ஒரு மணி நேரமும் போயிடுது. தொடர்ந்து செய்றவங்க என்ன முறை வச்சிருக்கீங்க?

நீலாங்கரை_நிரல்:
முதல்ல ஒண்ணு பாருங்க. எஞ்சினைத் திறந்ததிலிருந்து பையன் திரையில ஓடுற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுது? எஃப்5 அழுத்தினா மெனுவிலிருந்து ஆரம்பிக்கும், அதுல நாலு கிளிக் தாண்டித்தான் லெவலுக்கே போகணும். எஃப்6 அழுத்தினா திறந்திருக்கிற சீன் (லெவல், மெனு மாதிரி ஒரு தனிப் பகுதி) மட்டும் நேரா ஓடும். ஆனா காசு, உயிர் எண்ணிக்கையெல்லாம் மெனு சீன்லிருந்து வர்ற மாதிரி எழுதியிருந்தா எஃப்6-ல 'நல்' (null, மதிப்பே இல்லை) பிழை அடிச்சு நிக்கும். அந்த விவரங்களை ஒரு ஆட்டோலோடுல (எந்த சீன் ஓடினாலும் தானா ஏறுற ஸ்கிரிப்ட்) வச்சு, எல்லாத்துக்கும் ஆரம்ப மதிப்பு கொடுத்துடுங்க. எந்த லெவலும் தனியா ஓடும். களைச்சுப்போன இராத்திரியில இது பெரிய வித்தியாசம்.

அடுத்தது, நிறுத்துற விதம். கடைசிப் பத்து நிமிஷம் புதுசா எதையும் தொடாதீங்க. கிட்ல (Git, மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கருவி) கமிட் போட்டு அதுவரை செஞ்சதைப் பதிஞ்சுட்டு, நாளைக்கான வேலையை ஒரே வரியில ஸ்கிரிப்ட் மேலேயே எழுதி வைங்க. "கடையை முடிக்கணும்"னு எழுதினா அது வேலையே இல்லை, மறுநாள் எங்க கை வைக்கிறதுன்னே தெரியாது. "நண்டு சுவத்துல முட்டினா திரும்பணும்", இது வேலை. நாற்பது நிமிஷத்துல முடியாதுன்னு தோணினா இன்னும் உடைங்க.

டுடோரியலுக்கு ஒரே விதி: அந்த ஒரு வரி வேலைக்குத் தேவைப்பட்டா மட்டும் பாருங்க. பொதுவா கத்துக்கறதெல்லாம் பஸ்ல வச்சுக்கலாம்.

தறிநூல்:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது அந்தக் கடைதான் என்று நினைக்கிறேன். கடை என்றால் பட்டன் நாலு போதாது. வாங்கியது அடுத்த முறையும் இருக்க சேவ் வேண்டும், விலை நிர்ணயம் வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் படம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இரட்டைத் தாவல் மாதிரி ஒரு பொருளை விற்றால், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா லெவலும் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாலு பொருள், 12 லெவல் என்றால் குறைந்தது 48 சோதனை. ஒரு ஆள் இரவு ஒரு மணி நேரத்தில் செய்கிற காரியமில்லை. கடையைத் தனி கிட் கிளையில் (முக்கிய நிரலைத் தொடாத தனிப் பிரதி) போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஐந்து லெவல் போதும். படம் வரைய உட்காராதீர்கள். சாம்பல் நிறக் கட்டங்களை வைத்தே ஐந்தையும் முடியுங்கள், அல்லது கென்னி (Kenney) தளத்தில் சிசி0 உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி, கிடைக்கும் படங்களைப் போடுங்கள்.

மிச்சமாகும் நேரத்தைத் தாவலில் செலவிடுங்கள். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் உங்கள் கை தொடுவது அதைத்தான். அது சுகமாக இருந்தால் திறக்கத் தோன்றும். ஈர்ப்பு 980, தாவும் வேகம் 400 (பிக்சல் கணக்கில்) என்று வைத்தால் பையன் ஏற 0.41 செகண்ட், இறங்கவும் 0.41 செகண்ட். பலூன் மாதிரி மிதப்பான். கீழே வரும்போது மட்டும் ஈர்ப்பை 1.8 மடங்காக்குங்கள், இறங்கும் நேரம் 0.30 ஆகிவிடும். பட்டனைச் சீக்கிரம் விட்டால் மேல்நோக்கிய வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், குட்டித் தாவல் கிடைக்கும். மேட்டின் விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 செகண்ட் வரை தாவ அனுமதியுங்கள். தரையைத் தொடுவதற்கு 0.1 செகண்ட் முன் அழுத்தியதையும் நினைவில் வைத்து, தொட்டதும் தாவச் செய்யுங்கள். ஓர் இரவு வேலைதான்.

கோட்டூர்_கேம்ஸ்:
ஒண்ணு விட்டுப்போச்சு, யார்கிட்டயாவது காட்டுங்க. ரெண்டு லெவல் போதும், இந்த வாரமே இட்ச்.ஐஓ-வில (itch.io, கேம்களைப் பகிர்ற தளம்) ஏத்துங்க. ப்ராஜெக்ட்டோட ரெண்டரர் (திரையில படம் வரையுற பகுதி) 'கம்பாட்டிபிலிட்டி'யா இருக்கணும், வெப்ல அது மட்டும்தான் ஓடும். எக்ஸ்போர்ட் ஃபைலுக்கு இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்னு பேர் வச்சு ஜிப் பண்ணி ஏத்துங்க. காட்டோட் 4.3-க்கு முந்தைய பதிப்புன்னா இட்ச் பக்கத்துல 'ஷேர்டு அர்ரே பஃபர்' (SharedArrayBuffer) தேர்வுக்கும் டிக் போடணும், இல்லன்னா லோடே ஆகாது. முதல் திரையில "தொடங்கு"ன்னு ஒரு பட்டன் வைங்க. ஆடுறவர் எதையாவது அழுத்தினாத்தான் பிரவுசர் சத்தத்தை விடும்.

தமிழ் எழுத்து போட்டிருந்தா இதையும் கவனிங்க. கம்ப்யூட்டர்ல சிஸ்டம் ஃபாண்ட் உதவிக்கு வந்துடும், எல்லாம் ஒழுங்கா தெரியும். பிரவுசர்ல அந்த உதவி கிடையாது, வெறும் கட்டமா வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட்டை ப்ராஜெக்ட்லயே போட்டு தீம்ல (எழுத்து, பட்டன் தோற்றத்துக்கான அமைப்பு) கொடுத்துடுங்க. வசனத்தை ஒவ்வொரு எழுத்தா காட்டினா 'கொ' வர்ற இடத்துல முதல்ல 'க' வந்து அப்புறம் குதிக்கும். வார்த்தை வார்த்தையா காட்டிட்டா அந்தத் தொல்லையே இல்லை.

ஆடக் கொடுத்துட்டு வாயைத் திறக்காதீங்க. எங்க நின்னாங்க, எங்க செத்தாங்கன்னு மட்டும் குறிச்சுக்கங்க. மூணு பேர் ஒரே இடத்துல தடுமாறினா அடுத்த வாரத்துக்கான வேலை கையில இருக்கு.

கெடு வேணும்னா காட்டோட் வைல்ட் ஜாம்னு குறிச்ச நாளுக்குள்ள கேம் செஞ்சு முடிக்கிற போட்டி மாசாமாசம் நடக்குது, ஒன்பது நாள், ரெண்டு வார இறுதி உள்ளே வந்துடும். லூடம் டேர் மாதிரிப் போட்டியில 48 மணி நேரம் விழிச்சிருந்தா திங்கட்கிழமை ஆபீஸ்ல கண்ணு சொக்கும், வேலைக்குப் போறவங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

சுண்டல்பையன்:
ரொம்ப நன்றி. எஃப்6 இப்பவே போட்டுப் பார்த்தேன், சொன்ன மாதிரியே நல் பிழைதான். இன்னிக்கு வேலை அது. ஒரு சந்தேகம்: கடையை எடுத்துட்டா சேர்க்கிற காசு எதுக்கு?

தறிநூல்:
காசையே நேரமாக்குங்கள். ஒரு சுண்டல் பொட்டலம் விற்றால் அலை ஒரு செகண்ட் தாமதமாக வரட்டும். ஏற்கெனவே டைமர் வைத்திருப்பீர்கள், அதில் ஒன்றைக் கூட்டினால் போதும். பொட்டலம் வாங்குபவரைக் கடலோரமாக நிறுத்துங்கள். இறங்கிப் போகலாமா வேண்டாமா என்று ஆடுபவர் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும்.