அறைக்குள்ள இருக்கிற மல்லிச் செடி வெளுக்குது: லைட்டு அதிகமா, சத்துக் குறையா?

செல்லூர் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை செல்லூர்ல இருக்கேன், வீட்டுலயே தையல் வேலை. எங்கம்மா நாப்பது வருசம் பூக்கட்டுனவுக. போன ஐப்பசியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சதுல இருந்து கட்டில்தான். மாடியில அவுக வச்ச மல்லி எப்படி இருக்குன்னு தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தாக. மனசு கேக்கல, தொட்டியோட தூக்கிட்டு வந்து அவுக கண்ணுக்கு நேரா வச்சுட்டேன்.

அறைக்கு வடக்குப் பாத்த ஜன்னல் ஒண்ணுதான், வெயிலே வராது. ஒரு மாசத்துல பழைய இலையெல்லாம் கொட்டி, மெல்லிசா புது இலை விட்டுச்சு. வெளிச்சம் பத்தலைன்னு பொங்கல் கழிச்சு, வெயிலுக்குப் பதிலா செடிக்குப் போடுற 100 வாட் எல்இடி குரோ லைட் வாங்கி மாட்டுனேன். காலைல 6 மணியில இருந்து ராத்திரி 10 வரைக்கும் எரியுது. முதல்ல நல்லாத்தான் தழைஞ்சுச்சு. இப்ப உச்சி இலையெல்லாம் மஞ்சளாகி, சிலது வெள்ளையே ஆகிருச்சு. செடி வளந்து லைட்டுக்கும் உச்சிக்கும் ஒரு சாண்கூட இல்லைங்கிறத நேத்துதான் கவனிச்சேன்.

போட்டோ போட்டிருக்கேன், பாருங்க. லைட்ட உயர்த்துனா போதுமா? கடையில கேட்டா யூரியா போடுங்கன்னு சொல்றாங்க. அம்மா வேணாங்கிறாக. இந்தச் செடி பட்டுப்போனா அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்னு பயமா இருக்கு.

புதூர் மாடித்தோட்டம்:

போட்டோ ஊதா வெளிச்சத்துல எடுத்திருக்கீங்க, இலை நிறமே தெரியல. லைட்ட அணைச்சுட்டு ஜன்னல் பக்கம் வச்சு எடுங்க. இலைக்கு அடிப்பக்கமும் ஒண்ணு வேணும், சாறு உறிஞ்சுற செம்பேன் இருந்தாலும் இலை வெளிறும். அப்புறம் உச்சி இலை உயரத்துல புறங்கைய அரை நிமிசம் வச்சுப் பாருங்க. சுடலைன்னா லைட்டு காரணமா இருக்காது.

ஒத்தக்கடை மாணவி:

அக்கா, கைய வச்சுப் பாக்குறத மட்டும் நம்பிராதீங்க. கைக்குத் தெரியுறது சூடு, இலையைப் பாதிக்கிறது வெளிச்சம். எல்இடி சுடாமலே இலைய வெளுக்க வைக்கும். ஒரு மாசம் ஜன்னல் நிழல்ல விரிஞ்ச இலை மெல்லிசு, அதுக்குக் கொஞ்ச வெளிச்சமே போதும். திடீர்னு ஒரு சாண் தூரத்துல 16 மணி நேரம் எரிஞ்சா, வாங்குன வெளிச்சத்த அதால செலவழிக்க முடியாது. மிஞ்சுனது பச்சையத்தையே சிதைச்சிரும். அப்படி வெளுத்த இலையில நரம்பும் சேந்து வெளுக்கும், லைட்டப் பாத்த பக்கம்தான் முதல்ல போகும்.

ஒரு இலைமேல இன்னொரு இலை நிழல் விழுற இடமா பாருங்க. நிழல் பட்ட இடம் பச்சையா இருக்கா?

செல்லூர் தையல்காரி:

தங்கச்சி, நீ சொன்ன மாதிரியே ஒரு இலை இருக்கு! மேல இருந்த சின்ன இலையோட உருவம் கீழ் இலையில அச்சுக் குத்துன மாதிரி பச்சையா விழுந்திருக்கு, சுத்தி வெள்ளை. துணியில வெட்டுத்தாள் வச்சு சாக்கட்டி தேச்சா விழுமே, அது மாதிரி. அடிப்பக்கம் பேனும் இல்ல, நூலாம்படையும் இல்ல. பகல் வெளிச்சத்துல எடுத்த போட்டோ போட்டிருக்கேன்.

ஒத்தக்கடை மாணவி:

பாதி இலைய வெள்ளித்தாள் வச்சு மூடிப் பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன், செடியே அந்தச் சோதனையச் செஞ்சிருச்சு. உச்சியில நடந்தது லைட்டுதான். இன்னைக்கே ஒண்ணரை அடிக்கு உயர்த்துங்க, நேரத்த 12 மணியாக் குறைங்க. போன்ல வெளிச்சத்த அளக்குற லக்ஸ் ஆப் போட்டு உச்சியில ஒரு அளவு, ஒண்ணரை அடியில ஒரு அளவு எடுங்க. துல்லியமா இருக்காது, ஆனா எத்தனை மடங்கு குறையுதுன்னு தெரியும்.

திருமங்கலம் பூக்காடு:

தங்கச்சி, லைட்ட உயர்த்து, அது சரி. ஆனா ரெண்டாவது போட்டோவுல, கீழ வலது பக்கம் தண்டுல ஒரு பக்கத்துளிர் தெரியுது. அது நிழல்ல இருக்குல்ல? அதுவும் மஞ்சள்தானே? நரம்பு மட்டும் பச்சையா வலை பின்னுன மாதிரி இருக்கா, தொட்டுப் பாத்துச் சொல்லு.

நிழல்ல இருக்கிற துளிர லைட்டு வெளுக்காது. எங்க காட்டுல மல்லி இப்படி ஆனா அது இரும்புச்சத்துக் குறைதான். யூரியாவுல இருக்கிறது தழைச்சத்து, அது குறைஞ்சா அடி இலை முதல்ல மஞ்சளாகும், இதுல கொழுந்துல ஆரம்பிக்குது. அதனால யூரியா போடாத, அம்மா சொன்னதுதான் சரி. என்ன தண்ணி ஊத்துற?

செல்லூர் தையல்காரி:

அண்ணே, அப்படியேதான் இருக்கு. நரம்பு பச்சை, நடுவுல எலுமிச்சம்பழ நிறம். மாடியில இருந்தவரைக்கும் குழாய்த் தண்ணிதான். உள்ள வந்ததுல இருந்து பாத்ரூம் போர் தண்ணி ஊத்துறேன், கிட்ட இருக்குன்னு. அந்த வாளி ஓரமெல்லாம் வெள்ளையா உப்புப் படிஞ்சு கெடக்கு. செடிக்கு ஊத்துறப்ப அது தோணவே இல்ல.

ஒத்தக்கடை மாணவி:

அதுதான் அக்கா. சுண்ணாம்புத் தண்ணி மண்ணைக் காரமாக்கும். மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. இரும்பு குறைஞ்ச இலையில பச்சையமும் குறைவு, அதனால லைட்டையும் தாங்காது. ரெண்டும் சேந்துதான் இப்படி ஆகிருக்கு.

திருமங்கலம் பூக்காடு:

உரக்கடையில அன்னபேதி, அதான் பெரஸ் சல்பேட், வாங்கிக்க. ஒரு லிட்டருக்கு 5 கிராம், கூட சிட்ரிக் அமிலம் 1 கிராம். சாயங்காலம் லைட்ட அணைச்சுட்டு இலைமேல தெளி. மாசம் ஒரு தடவை, மஞ்சள் போற வரைக்கும். கட்டில் விரிப்புல படாமப் பாத்துக்க, கறை போகாது. அன்னபேதிய மண்ணுல கொட்டாத, காரமண்ணுல அது வீணாப்போயிரும். போர் தண்ணிய இன்னையோட நிறுத்து. குழாய்த் தண்ணிய தொட்டி ஓட்டை வழியா வடியுற அளவுக்கு ரெண்டு தடவை ஊத்தி உப்பக் கழுவு.

செல்லூர் தையல்காரி:

மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். உச்சியில 80,000 காட்டுன லக்ஸ், லைட்ட உயர்த்துனப்புறம் 20,000. அன்னபேதி தெளிச்ச எட்டாம் நாள் அந்தப் பக்கத்துளிர்ல பச்சை திட்டுத்திட்டாத் திரும்புச்சு, இப்ப முழுசும் பச்சை. வெள்ளையான உச்சி இலை மட்டும் அப்படியே இருக்கு. அதக் கிள்ளிரவா? மொட்டு ஒண்ணும் காணோம். பங்குனி ஆச்சே, பூக்கணுமேன்னு அம்மா விரலால எண்ணிக்கிட்டு இருக்காக.

திருமங்கலம் பூக்காடு:

வெள்ளையானது திரும்பாது. காஞ்சா தானா விழும், கொஞ்சம் பச்சை இருக்கிறதக் கிள்ளாத, அதுவும் செடிக்குச் சோறு போடுது. மொட்டுக்கு 20,000 பத்தாது தங்கச்சி, மல்லி வெயில் செடி. வாசல் கிழக்கா இருந்தா காலை வெயில் காட்டு. முதல் ரெண்டு நாள் அரை மணி நேரம், அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டு. ஒரேயடியா வெயில்ல வச்சா மறுபடியும் வெளுத்துரும்.

செல்லூர் தையல்காரி:

கிழக்கு வாசல்தான் அண்ணே. நாளைக்கு 7 மணிக்குத் தொட்டிய வெளிய வைக்கிறேன். அம்மா கட்டில வாசலப் பாத்துத் திருப்பிப் போட்டாச்சு.