பாறசாலைப் பக்கம் அணுகுண்டைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கிற பாறசாலையில் ஓர் அக்ஷயா மையத்தில், அதாவது கேரள அரசின் இணைய சேவை மையத்தில், வேலை பார்க்கிறேன். பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதைப் பதிவு செய்வது), ரேஷன் கார்டு என்று வரிசையில் நிற்கிறவர்கள் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் நாட்டு நடப்பு பேசுவார்கள். 2025 மே மாதம் அந்தப் பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான்: பாகிஸ்தான் குண்டு போட்டால் இங்கே வரை வருமா?

மே 7 அன்று சாயங்காலம் 4 மணிக்கு கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் சைரன் ஊதிப் போர்க்கால ஒத்திகை நடந்தது. ஒத்திகைதான் என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். ஆனால் அன்று அதிகாலையில்தான் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் பக்கம் இந்தியப் படைகள் தாக்கியிருந்தன. ஒத்திகை எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வைக்கச் சொல்லி ஒரு குரல் பதிவு எல்லாக் குடும்பக் குழுக்களிலும் சுற்றியது. பேசியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மே 10 அன்று சண்டை நின்ற பிறகுதான் பயம் இன்னும் கூடியது. பாகிஸ்தானின் கிரானா மலையில் அணு ஆயுதக் கிடங்கு உடைந்துவிட்டது, கதிர்வீச்சு கசிகிறது என்று ஒரு வதந்தி. ஓமனில் கணவன் வேலை பார்க்கும் ஒரு பெண் பதறிப்போய் வந்தாள். "அண்ணே, காத்து மேக்க அடிச்சா அவரு இருக்க இடத்துக்குப் போவுமா? லீவு போட்டு வரச் சொல்லவா?" என்றாள். கையில் குழந்தையின் ஆதார் விண்ணப்பம். அதை ஓரம் கிழிகிற அளவுக்குச் சுருட்டி வைத்திருந்தாள்.

சர்வதேச அணுசக்தி முகமை, பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று சொல்லியிருந்த செய்தியைத் திரையில் எடுத்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் கேட்டாள்: "நெசமாவே கசிஞ்சிருந்தா நம்மகிட்ட யாருண்ணே வந்து சொல்லுவா?"

என்னிடம் பதில் இல்லை. எச்சரிக்கை எந்த வழியில் வரும், வந்தால் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்ய வேண்டும் என்பதை சைரன் ஊதிக் காட்டியவர்கள் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் வந்து சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

கூடங்குளத்தைப் பற்றிப் பலர் கேட்டார்கள். சண்டை வந்தால் முதலில் அதைத்தான் அடிப்பான் என்று ஒரு மாமா அடித்துச் சொன்னார். 1988-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையத்தை இன்னொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன என்று சொன்னேன். "அப்படியா, இது யாரும் சொல்லலையே" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. பயமுறுத்தும் செய்தி மட்டும் வீட்டு வாசல் வரை வருகிறது.

ஆனால் மறக்க முடியாதது ஒரு பாட்டா பேசியதுதான். வயது எண்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் மணவாளக்குறிச்சியில் மணல் சுமந்தவர். "வல்லரசுக்காரன் சண்டை எங்கயோ நடக்குன்னு நெனைக்காத மக்களே. நம்ம மண்ணுக்கே அடிபிடி நடந்திருக்கு" என்றார். அவர் சொன்னது வெறும் கதையில்லை. சவறாவிலிருந்து மணவாளக்குறிச்சி வரை நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிர்வீச்சு உலோகம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே அதைக் கண்டுபிடித்தபோது, கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத்தான் அது தேவைப்பட்டது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதை மாறியது. தோரியத்தை அணு உலையில் வைத்தால் யுரேனியம்-233 கிடைக்கும், அது குண்டுக்கும் உதவும் என்பதால் பெரிய நாடுகளின் கண் திருவிதாங்கூர் மணல் மேல் விழுந்தது. 1951-இல் பஞ்சத்துக்காக இந்தியா அமெரிக்காவிடம் கோதுமை கேட்டபோது, பதிலுக்கு மோனசைட் கொடுக்கட்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. 1953-இல் இங்கிருந்து தோரியம் நைட்ரேட் கம்யூனிஸ்ட் சீனாவுக்குக் கப்பலேறியதும், உதவியையே நிறுத்த வேண்டிவரும் என்று அமெரிக்கா நெருக்கியது. மரச்சீனி தின்று மணல் சுமந்தவர்களுக்கு அது எந்தச் சண்டைக்குப் போகிறது என்று யார் சொன்னார்கள்?

கடைசியாக, பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன். ஸ்காலர்ஷிப் படிவம் பதிவேறும் வரை காத்திருந்தபோது, "பட்டனை யாராவது தப்பா அமுக்கிட்டா?" என்றான். 1983 செப்டம்பர் 26 அன்று ரஷ்யாவில் நடந்ததைச் சொன்னேன். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாக எச்சரிக்கை மையத்துத் திரை காட்டியது. அங்கே பணியில் இருந்த ராணுவ அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், போர் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தோடு தொடங்க மாட்டான் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது.

"இப்போ அந்த சீட்ல ஏஐ உக்காந்தா?" என்று கேட்டான். அணு ஆயுத முடிவு மனிதன் கையிலேயே இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். "ரஷ்யா?" என்றான். அந்தப் பேச்சில் ரஷ்யா இல்லை. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே மிச்சமிருந்தது நியூ ஸ்டார்ட் என்ற ஒப்பந்தம்; ஆளுக்கு 1,550 அணுகுண்டுகளுக்கு மேல் தயார் நிலையில் வைக்கக் கூடாது என்று சொன்ன அதுவும் 2026 பிப்ரவரி 5-ஓடு காலாவதி ஆகிவிட்டது. அவன் அந்தச் செய்தியை பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னான், பள்ளியில் பேசப் போகிறானாம். காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தேன்.