இந்த இத்தாலி ஹெல்மெட் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இத்தாலியில் பாதோவா நகரப் பக்கம் ஒரு பழம்பொருள் சந்தையில் இத்தாலிய ராணுவ ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். விற்றவர் 'எம்33', அதாவது பழைய இரும்பு ஹெல்மெட், என்று சாதித்தார். விரலால் தட்டினால் இரும்புச் சத்தமே இல்லை, பிளாஸ்டிக் வாளி மாதிரி மொத்தென்கிறது. எம்33-இல் இருக்கும் மூன்று காற்றுத்துளை ஆணிகளையும் காணோம். அராமிட் இழையில் (குண்டு துளைக்காத உடைகளில் வரும் வலுவான செயற்கை நார்) செய்த, எம்33-க்குப் பின் வந்த செப்ட்-2 பிளஸ் ஹெல்மெட் என்பது என் ஊகம்.

உள் லேபிளை யாரோ சுரண்டிவிட்டார்கள், பாவிகள். விளிம்பு ரப்பர் ஓரிடத்தில் பெயர்ந்து, அடியில் மஞ்சள் நார் தெரிகிறது. வலப்பக்கம் இரண்டு சின்னத் துளைகள்! பெர்சால்யேரி என்ற இத்தாலியக் காலாட்படை வீரர்கள் இறகுக்கொத்து அணிவது அந்தப் பக்கம்தான். ஆனால் பிற்பாடு யாராவது துளைத்ததாகவும் இருக்கலாமே?

செப்ட்-2 பிளஸ் வைத்திருப்பவர்கள் உள்பட்டையையும் தாடைவார்த் திருகுகளையும் படமெடுத்துப் போடுங்களேன். பெயர்ந்த விளிம்பை எதை வைத்து ஒட்டலாம்?