வாசெக்டமி செய்து 8 வருடம், இப்போது குழந்தை வேண்டும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. எனக்கு வயது 42. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) செய்துகொண்டேன். அப்புறம் மனைவி தவறிவிட்டார். போன வருடம் மறுமணம். இவருக்கு 34 வயது, ஒரு குழந்தையாவது வேண்டும் என்று ஆசை.

லயத்தில் ஆளுக்கொரு கதை. "ஆம்பளைத்தனமே போயிருக்குமே" என்றார் ஒருவர். சும்மா பேச்சு; ஹார்மோன் அப்படியேதான் இருக்கிறது.

டாக்டர் சொன்னது: விந்தணு இன்னும் உற்பத்தியாகிறது, வெளியே வரும் குழாய்தான் துண்டிக்கப்பட்டிருக்கிறது. நுண் அறுவை சிகிச்சையில் அதை மறுபடி இணைக்கலாம். ஆனால் வருடம் கூடக் கூட வாய்ப்பு குறையும். இணைத்த பிறகும் விந்தணு வர சில மாதம் பிடிக்கும், சிலருக்கு வராமலே போகலாம். இன்னொரு வழி, விரையிலிருந்து ஊசியால் விந்தணு எடுத்து இக்சி முறையில், அதாவது லேபில் ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தி, கருத்தரிக்க வைப்பது. எதுவானாலும் மனைவியின் வயது முக்கியமாம், அவருக்கும் முதலில் பரிசோதனை செய்யச் சொன்னார்.

(புதிதாக வாசெக்டமி செய்தவர்கள் கவனிக்க: உடனே பலன் கிடையாது. சுமார் 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் சரி என்று வரும்வரை வேறு கருத்தடை வேண்டும். என் கூட்டாளி அவசரப்பட்டான், இப்போது கையில் பாப்பா!)

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ குழாயை இணைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை ரிங்கிட் ஆனது? அரசாங்க கிளினிக் கடிதம் போதுமா? நான் குலை அறுக்கிறவன், பாரம் தூக்க எத்தனை வாரம் கழித்து விட்டார்கள்? பொதுவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியே எழுதுங்கள்.