புதுப்பிப்பு: பாதியில் நின்ற 1000 வாட் மிக்சி

வெள்ளைப் பணியார மாவு அரைக்கையில் புது மிக்சி நின்றுவிடுகிறது, மோட்டார் போய்விட்டதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போகவில்லை. அடிப்பக்கத்துச் சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சுமை கூடினால் மோட்டார் கருகாமல் இருக்க, மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பொத்தான் அது. ஆறவிட்டு அழுத்தினேன், ஓடியது.

தப்பு என்னுடையது. பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, மேலே கோபுரமாக உளுந்து வைத்து ஊறப்போட்டதை அப்படியே ஜார் நிறையக் கொட்டி, தண்ணீரும் கஞ்சத்தனமாக ஊற்றினால் எது சுற்றும்? இப்போது பாதி ஜார், குளிர்ந்த தண்ணீர், விட்டுவிட்டு ஓட்டம். மாவு சூடாவதில்லை.

வறுத்த கல்பாசியும் மராட்டி மொக்கும் நன்றாகவே பொடிகின்றன. காரைக்குடி வீட்டில் அப்பத்தா மட்டும் மசியவில்லை: "சத்தத்தைப் பார்த்தால் ரைஸ்மில் தோற்றது. சட்னிக்கு அம்மியைக் கழுவி வை."